குதிரை மேல் போட்ட பழி

டெபோராவின் அப்பாவுக்கு,

நான் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன் என்றுதான் பத்து நாட்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்த கடையில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், பெரம்பூரில் ஆலிஸ் அக்கா வீட்டுக்கு வந்ததும் அவளும் கேட்டாள். பாவம், அந்தக் குதிரை மெதுவாகத்தான் நடந்தது.

இராயபுரத்தில் கடலுக்கு எதிரிலேயே நாற்பது வருடம் இருந்தும், கரையில் கொட்டிய கருங்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. லீவுக்கு வேளாங்கண்ணி போனபோதுதான் முதல்முறையாக அலைக்குள் இறங்கினேன். மகள்தான் எனக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தாள். நனைந்த சுடிதாரோடே குதிரை ஏறினேன், வாய்விட்டுச் சிரித்தேன். அது குற்றமா?

"இன்னாடி, ஊரே பாக்குது, மானத்த வாங்கறியா? எறங்குடி கீய!" என்று கத்தினீர்கள். நான் இறங்கித்தானே நின்றேன்? அதற்குப் பிறகும் எதற்காகக் கை நீட்டினீர்கள்?

நேற்று அக்கா, "அந்தக் குதிரக்காரன சும்மாவா வுட்டே? போலீசாண்ட போயிருக்கணும்" என்றாள். பக்கத்திலிருந்த டெபோரா, "ஆமா பெரிம்மா, குதிர தள்ளிடுச்சு" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை உங்களுக்காகப் பொய் சொல்கிறது! நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். இது முதல்முறை இல்லை என்பதையும் சொன்னேன்.

சனிக்கிழமை அக்காவோடு வருவேன், எங்கள் துணிகளையும் டெபோராவின் புத்தகங்களையும் எடுத்துப்போக. கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா