வெட்டாமல் விட்ட கிளை

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். காற்றில் இன்னும் கரி வாடை. எனக்குக் கம்பெனியில் ஏ ஷிப்ட், காலை வேலை.

புதுக் கம்பங்கள் நட்டுவிட்டு இவர் விடிந்து நான் கிளம்பும்போதுதான் வந்தார். முகமெல்லாம் கரி. "எங்க வூட்ல ஒரு வயர்மேன் இருந்தாரு, பாத்தீங்களா?" என்றேன். சிரிக்கவில்லை. குளிக்காமலே படுத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் பிடித்த தீ. காலி மனைகளின் காய்ந்த புல், முள்காடு, விஜயா அக்கா வாடகைக்கு விட்டிருந்த தகர ரூம்கள், எல்லாம் போயின. உயிர்ச்சேதம் இல்லை, அம்மன் புண்ணியம். வேப்பங்கிளை மின்கம்பியில் உரசிப் பொறி பறந்ததாம். அந்த லைன் இவர் பொறுப்பு.

ஏப்ரல் 22, புதன்

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இவர் கவனிக்கவே இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார்.

போன வாரமே கிளையை வெட்டப் போயிருக்கிறார். விஜயா அக்காவும் பெண்களும் மறித்தார்களாம். "காப்பு கட்டிக்கீது சேகரு. பச்ச மரத்துல கத்தி வெக்காத. திருவிழா முடியட்டும்." இவரும் மரத்தைக் கும்பிட்டுவிட்டு ஏணியோடு திரும்பிவிட்டார். நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை.

"அவங்க தடுத்தாங்கன்னு சொல்லிடுங்க."

"சொன்னா, நீங்கதான வெட்ட வுடலன்னு அக்காவுக்கு நஷ்டஈடு தரமாட்டாங்க."

"அப்ப உங்க வேல?"

"பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' மனிதரைக் கட்டிக்கொண்டு நான் படும் பாடு. பயங்கரக் கோபம். முட்டை மட்டும் ஒன்று கூடுதலாக வைத்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

பால், தீப்புண் மருந்து, பினாயில். மருந்து இவர் கைக்கு. கொப்புளம் எப்படி என்றதற்கு, டீ கொட்டியது என்றிருந்தார்.

ஷேர் ஆட்டோவில் அந்த எரிந்த ரூம் பையன் ஒருவன், ஊர் தென்காசிப் பக்கம். உடுத்திய கம்பெனி யூனிபார்ம்தான் மிச்சமாம். "கரண்ட நிறுத்த வந்த அண்ணந்தான்க்கா உள்ள போயி எங்க சிலிண்டரத் தூக்கி வெளிய போட்டாவ. இல்லன்னா தெருவே போயிருக்கும்."

டீயாம். வரட்டும், இருக்கிறது.

வந்தார். திட்ட வாய் வரவில்லை. மருந்து போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

லீவு போட்டுவிட்டு மின்வாரிய ஆபீஸ் வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. "என் கவனக்குறைவு சார்" என்று இவர் சொல்வது கேட்டது. யாராவது தடுத்தார்களா என்று அதிகாரி கேட்டார். "இல்ல சார்."

என்னைத் தள்ளிக்கொண்டு விஜயா அக்கா உள்ளே போனார். "பொய் சொல்றான் சார். நாங்கதான் வெட்டக்கூடாதுன்னு மறிச்சிக்கினு நின்னோம்."

"இதச் சொன்னா உங்க நஷ்டஈடு நின்னுபோகும்மா."

"ரூமு போனா கட்டிக்கலாம் சார். அவன் வேல போனா?"

"அக்கா, சும்மா இரு" என்று இவர் கெஞ்சுகிறார். குற்றத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டதைப் பார்த்து அதிகாரி தண்ணீர் குடித்தார். நான் அழுதேன், நன்றாகவே.

ஏப்ரல் 25, சனி

காலையில் போன். முழு விசாரணை முடியும்வரை இவருக்கு சஸ்பெண்ட். அக்காவின் நஷ்டஈடும் அதுவரை நிறுத்தம். இரண்டும் போயின.

போனை வைத்தார். பிறகு கொப்புளக் கையோடு ஸ்க்ரூ டிரைவர், டேப், கையுறை எல்லாம் தேடினார். அக்கா இடத்தில் ரூம் பையன்கள் ஷெட் போடுகிறார்களாம். வயரிங் இவர்தானாம்.

இந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இவருக்குத் தெரியாது. தெரிந்தால் தலைக்கேறிவிடும்.

"எப்ப வருவீங்க?"

"லேட்டாவும். வேல நெறைய கீது."

சஸ்பெண்ட் ஆன முதல் நாளே ஓ.டி.