பெருமாள்மலையில் கரடி வாசித்த பியானோ

என் அன்பு ஜெபராஜ் அண்ணனுக்கு,

நீ போன இடத்தில் குளிர் எப்படி? ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாயே. இந்த வருஷம் சீசனுக்குக் கூட்டம் தாங்கவில்லை. உன் டாக்சியை விற்கவில்லை, வாசலில்தான் நிற்கிறது. உன் ட்ரம்பெட்டை அவ்வப்போது துடைத்து வைக்கிறேன். ஊதத்தான் ஆளில்லை. நான் ஊதிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் சண்டைக்கு வந்துவிட்டது.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். ஊரின் இசை வரலாற்றைச் சொல்ல நம் சர்ச் ஹாலில் போன வாரம் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். முதல் பேண்டு செட், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு, தாடிக்கார வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கிடார்கள், எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஹாலில் நிற்கிற அந்தப் பழைய பியானோ. ரோடு போடுவதற்கு முன்னால் மலையேறி வந்த பெட்டி. அதைப் பற்றிப் பேச வேண்டியவன் நீ. நீ கண்ணை மூடிவிட்டதால், பாட்டு டீச்சர்தானே என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

கூட்டத்தை நடத்துகிற பால்ராஜ் சார் முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. உங்க அண்ணன் சொல்ற பியானோ கதை மட்டும் வேணாம். டம்டம் பாறை வழியா அப்ப ரோடே கெடையாது. ஆதாரம் இருக்கறத மட்டும் பேசுவோம்ங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கதை இல்லாத வரலாற்றில் உன் பெயர் எங்கே வரும்? ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லையே. அந்தக் கதை பிறந்த அன்று நான் உன் டாக்சி முன்சீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன்.

வத்தலக்குண்டில் ஏறிய குடும்பம் அது. நாலு வளைவு திரும்புவதற்குள் அந்த அம்மா வாந்தி எடுக்கத் தயாராகிவிட்டார். நீ எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இந்த மலைக்கு மொத பியானோ எப்படி வந்துச்சு தெரியுமாங்கம்மா?" என்று ஆரம்பித்தாய். டம்டம் பாறையில் எட்டுப் பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஊத்து கிராமத்தில் மழை பிடித்தது. பெருமாள்மலையில் கரடி வந்தது. எட்டுப் பேரும் பெட்டியை இறக்கிவிட்டு மரத்தில் ஏறிக்கொள்ள, கரடி மூடியைத் திறந்து உட்கார்ந்து வாசித்தது. கொடைக்கானலின் முதல் கச்சேரி அதுதான் என்று நீ முடித்தபோது வெள்ளியருவியே வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வாந்தி மறந்து போயிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் உன் வாந்தி மருந்து. வயிறு கெட்டியானவர்களுக்குக் கரடி கிடையாது. குழந்தைகள் இருந்தால் கரடிக்குக் குட்டியும் உண்டு. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். எங்கே பிறந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கூட்டத்தில் நல்லபிள்ளையாகத்தான் பேசினேன். பியானோ ஆள்தோளில் மலையேறியது, வாசித்தவர்கள் பெயர் அதற்கு மேலே சுவர்ப் பலகையில் இருக்கிறது, தூக்கியவர்கள் பெயர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு பேண்டு செட்டுக்குத் தாவினேன். பின்வரிசையில் டாக்சி ஸ்டாண்டு ஆட்கள் சும்மா இருப்பார்களா? "அக்கா, கரடிய விட்டுட்டீங்களே!" என்று ஒரு சத்தம். ஹாலே சிரித்தது.

பூம்பாறையிலிருந்து பூண்டு கொண்டுவருகிற முருகேசன் எழுந்து நின்றார். "பேரு தெரியலன்னு எப்படிங்க சொல்லலாம்? எட்டுல ஒருத்தரு எங்க பாட்டையாங்க. கரடிக்குப் பயந்து வெரசா மரமேறப் போயி கால் பெசகி, கடைசி வரைக்கும் நொண்டித்தான் நடந்தாரு."

"ஏலே முருகேசா, மரமேறுனது எங்க வீட்டுப் பெரியவருலே!" என்றது ஒரு வில்பட்டிக் குரல். மன்னவனூர்க்காரர்களும் விடவில்லை. உன் வாந்தி மருந்துக்கு இத்தனை வாரிசா, அண்ணே?

பால்ராஜ் சார் மைக்கை என் கையில் திணித்தார். "டீச்சர், நீங்களே சொல்லிருங்க. உங்க அண்ணன் சொன்னது நெசமா இல்லையா?"

ஹாலே என் பக்கம் திரும்பியது. இல்லை என்றால் ஊர் முன்னால் நீ புளுகன் ஆவாய், முருகேசனின் பாட்டையா கால் பிசகியதும் வீணாகப் போகும். ஆமாம் என்றால் சிலுவைக்குக் கீழே நின்று நான் பொய் சொல்ல வேண்டும். இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று உன்மேல் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நீ பின்வரிசையில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

"கரடிக்கு ஆதாரம் இல்லைங்க சார்," என்றேன். "ஆனா பெட்டி மேல வந்திருக்கு. யாரோ தூக்கித்தான வந்திருக்கணும்? தூக்குனது எங்க வீட்டு ஆளுதான்னு நெனைக்கிறவங்க கைய தூக்குங்க."

பாதி ஹால் கை தூக்கியது. அத்தனை பேர் தூக்கியிருந்தால் பியானோ பறந்தே வந்திருக்கும். பால்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒருமுறை இருமினார். பிறகு அவர் கையும் மெல்ல மேலே போனது. "எங்க அம்மா வழியில ஒருத்தரு இருந்ததா ஒரு பேச்சு உண்டுங்க," என்றார்.

பலகைக்குக் கீழே இப்போது ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. 'இதைச் சுமந்து வந்தவர்கள், பெயர் தெரியாத நம் வீட்டு ஆட்கள். இவர்களை நினைக்க வைத்தவர், டாக்சி ஓட்டுநர் ஜெபராஜ்.' வாசகம் பால்ராஜ் சாருடையது. கரடியைச் சேர்க்க அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை அண்ணே. அன்று ஹாலில் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் கவனித்தேன், என் கையும் மேலே இருந்தது. கதை பிறக்கும்போது பக்கத்தில் இருந்தவள் நான். என் கையை யார் தூக்கினார்கள்?

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். நான் திறக்கமாட்டேன். மலையேறும் வண்டியில் பக்கத்தில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால், எலுமிச்சம்பழம் கொடுத்து, பெருமாள்மலையில் கரடியைக் கட்டாயம் இறக்குவேன். குட்டியோடு.

எட்டுப் பேரில் ஒருவரின் பேத்தி,
உன் தங்கச்சி கிரேஸ்