வரப்புக்கு இந்தப் பக்கம்

ஜூன் 20, மாடி ரூம்

என் நம்பரை பிளாக் பண்ணின அன்பு அண்ணனுக்கு,

ஒரே நாள்ல நாப்பது வீடியோ அனுப்பினது தப்புதான். ஆனா நாப்பத்தொண்ணாவதுதான் மெயின்! மாடியில இருந்து கீழ் வீட்டுக்குக் கடுதாசி, அண்ணிதான் தபால்காரி. சிரிச்சா சிரிங்க.

போன வருஷம் விதைக்கடலையை ஊற வச்சு, தகரக் கூரை மேல வெயில்ல காயப்போட்டு, பாதி மூட்டையைப் பாழாக்கினேன். அந்தக் கோவத்துலதானே நிலத்தை ஆளுக்குப் பாதின்னு பிரிச்சீங்க? தப்பு எங்கன்னு இப்போ தெரிஞ்சிடுச்சு! விதை டீச்சர் (என் தலைவி, அவங்க ஒரு வீடியோ கூட நான் விட்டதில்ல) சொல்றாங்க: பத்து லிட்டர் தண்ணிக்கு அம்பது கிராம் கால்சியம் குளோரைடு. ஆறு மணி நேரம் ஊறணும். அப்புறம் நிழல்ல மட்டும்தான் உலர்த்தணும், ஊற வைக்கிறதுக்கு முன்னாடி இருந்த எடை திரும்ப வர்ற வரைக்கும். அப்படிச் செஞ்சு உடனே விதைச்சா, நடுவுல மழை ஏமாத்தினாலும் செடி தாங்குமாம்.

இந்த வருஷ விதை ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டைதானே, உங்க பாதியையும் குடுங்க. நானே செஞ்சு தர்றேன்.

இந்த வாட்டியும் போச்சுன்னா என் பங்கையும் நீங்களே உழுதுக்கோங்க, நான் செல்போன் கடைக்கு வேலைக்குப் போயிடறேன். சத்தியம்!

உங்க வாயாடித் தங்கச்சி, ரேடியோ


ஜூன் 22

ரேடியோவுக்கு,

என் விதை மேல கை வைக்காதே. சத்தியத்தை எழுத்துல குடுத்துட்டே, பத்திரமா வச்சிருக்கேன். கடைக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வைக்கவா?

உன் கட்டிலுக்கு அடியில கூட கடலை காயுதாமே. அண்ணி சொன்னா. படுக்கிறது எங்க, ஃபேன் மேலயா?

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

இருபத்தாறு நாளா ஒரு சொட்டு மழை இல்ல. என் செடி நிக்குது! துள்ளிக் குதிச்சு டீச்சருக்குப் படம் அனுப்பினேன். என் தலைவி எனக்கே பதில் போட்டாங்க! படிச்சதும் காத்து இறங்கிடுச்சு. "நல்லா இருக்கும்மா. ஆனா ஊற வைக்காத செடி பக்கத்துல எங்க? அது இல்லாம, காப்பாத்தினது விதையா மண்ணான்னு எப்படிச் சொல்றது?"

பேராசையில எல்லாத்தையும் ஊற வச்சுட்டேன் அண்ணா. ஒரு வரிசை கூட சும்மா விடல. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு, வெறும் அதிர்ஷ்டமோ என்னமோ. கடைக்காரர்கிட்ட சொல்லிடுங்க.

ரேடியோ


ஆகஸ்ட் 4

ரேடியோவுக்கு,

உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? வரப்புக்கு இந்தப் பக்கம் பாத்தியா? அதே மூட்டை, அதே மண்ணு, அதே நாள் விதைப்பு.

நேத்து குச்சி நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டர் சதுரமா ரெண்டு ரெண்டு இடத்துல உயிரோட இருக்கிற செடியை எண்ணினேன். உன் பக்கம் இருபத்தெட்டு, இருபத்தாறு. என் பக்கம் பதினொண்ணு, ஒம்பது. நம்பிக்கை வராம அண்ணியை விட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்துச்சு.

படம் எடுத்து உன் தலைவிக்கு அனுப்பு. யார் வயல்னு கேட்டா தாராளமா சொல்லு. அன்னிக்கு நான் விதை குடுத்திருந்தா இந்தக் கணக்கே வந்திருக்காது. அந்த வகையில நானும் விஞ்ஞானிதான்.

அண்ணன்


ஆகஸ்ட் 5

விஞ்ஞானி அண்ணனுக்கு,

எண்ணிக்கையை அனுப்பிட்டேன். படம் அனுப்பல. போனைத் தூக்கினேன், உங்க வயல்ல அண்ணி குனிஞ்சு காஞ்ச செடியைப் பிடுங்கிட்டு இருந்தாங்க. இறக்கிட்டேன்.

இத்தனை நாளும் என் பச்சையை மட்டுமே படம் பிடிச்சுட்டு இருந்திருக்கேன். உங்க பக்கம் திரும்பவே இல்ல. மன்னிச்சிடுங்க.

என் பக்கம் விளையறதுல பாதி உங்களுக்கு. அடுத்த விதைப்புக்கு உங்க மூட்டை முழுசும் என் கட்டிலுக்கு அடியில! ஒப்பிட்டுப் பாக்க நாலு வரிசை ஊற வைக்காம விடணும். அது என் பக்கத்துல இருக்கட்டும்.

ரேடியோ


ஆகஸ்ட் 6

நாலும் உன் பக்கம் வேணாம். ஆளுக்கு ரெண்டு.

நம்பரைத் திறந்துட்டேன். முதல்ல அந்த நாப்பத்தொண்ணாவதை அனுப்பு.

அண்ணன்