அம்மாவின் வயிறு கிளம்ப மறுக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுவது. போனில் பேசினால் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அவளுக்குப் பாம்புக் காது. அதனால்தான் மெயில்.

புண் முற்றி அடைத்துக்கொண்டதால் பாதி இரைப்பையை எடுத்தது உனக்குத் தெரியும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றேனே, அது பொய்யில்லை. அதற்குப் பிறகு நடந்த கூத்தைத்தான் மறைத்தேன்.

கஞ்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. கிண்ணம் காலியானால்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட, மீதியை என்னிடம் நீட்டி, "சத்தமில்லாம குடிங்க" என்றாள். குடித்தேன். என்றைக்கு அவள் பேச்சைத் தட்டியிருக்கிறேன்? டாக்டருக்கு ஒரே சந்தோஷம், அளவைக் கூட்டினார். அதையும் நானே குடித்தேன். உப்பில்லாத கஞ்சி, மகளே! அப்படியும் என் பெல்ட் இப்போது எட்டவில்லை.

பிறகு அவளுக்கு வாந்தி. வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து இருந்த இடத்திலேயே நிற்கிறது. டாக்டர் படத்தைப் பார்த்தார், காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், என் தொந்தியைப் பார்த்தார். குட்டு உடைந்தது.

நல்ல மனுஷன், கோபிக்கவில்லை. குடலை வெட்டி, ஒரு முனையைத் தூக்கி மீதி இரைப்பையோடு தைத்திருக்கிறார்களாம். சாப்பாட்டைக் கீழே தள்ளும் அசைவின் தாளம் மேலிருந்துதான் வருமாம். வெட்டிய இடத்தில் அது நின்றுபோய், தைத்த துண்டு தன் இஷ்டத்துக்கு, சில நேரம் மேல்நோக்கிக்கூட, அசைகிறதாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற உன் அம்மாவிடம் இதைச் சொன்னால் விடுவாளா? "ரிவர்ஸ்ல போகுதுன்னு சொல்லுங்க. தச்சு மாட்டினது நீங்க, ஃபர்ஸ்ட் கியருக்கும் நீங்கதான் கொண்டுவரணும்" என்று பிடித்துக்கொண்டாள். நர்சுகள் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள்.

பலருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். மருந்தும் கொடுக்கிறார்கள். இன்னும் சில வாரத்தில் அசையாவிட்டால், மறுபடி திறந்து இணைப்பை மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார்.

உன் பரீட்சை கெட்டுவிடும், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை அவளுடைய காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு நான் தொலைந்தேன் என்று மேலே போனால், ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லங்க" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியும்வரை காத்திருக்காதே அம்மா.

உன் அப்பா