திமிங்கில ஆராய்ச்சிக்காரியின் மாமா

அன்புள்ள தங்கச்சி,

போனில் சொன்னால் இடையில் புகுந்து கேள்வி கேட்பாய். அதனால்தான் வட்ஸ்அப்பில் கடிதமாய் எழுதுகிறேன். திமிங்கில ஆராய்ச்சிக்கு வந்த உன் மகள் சனூஸாவைப் பற்றி ஒன்றும் யோசிக்காதே. நோர்வே பாஸ்போட்டில் வந்தாலும் அவள் என் மருமகள். திருகோணமலைத் துறைமுகத்தில் என்னைத் தெரியாத அதிகாரி கிடையாது.

ஆராய்ச்சிக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்குச் சட்டம் மாறிவிட்டது. சுற்றுலா விசாவில் வேலை செய்ய ஏலாதாம், தனி விசா வேண்டுமாம். அது இன்னும் கிடைக்காததால் பிள்ளை வள்ளத்தில் கால் வைக்காமல் வீட்டிலேயே இருந்தாள்.

போன கிழமை குடிவரவு அதிகாரிகள் இருவர் வந்தார்கள். அவள் கடைக்குப் போயிருந்ததால் நான்தான் கதிரை போட்டுக் கதைத்தேன்.

"என்ட மருமகள் லேசுப்பட்ட ஆளில்ல சேர். தினமும் விடிய வள்ளத்தில போய் நூறு திமிங்கிலம் எண்ணிப்போட்டுத்தான் சாப்பிடுவா!"

வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு சொல் விடாமல் எழுதியும் கொண்டார்கள்.

இன்று அவளைக் கொழும்புக்கு அழைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று சனம் கதைக்கும், நம்பாதே. பாராட்டத்தான் இருக்கும். நானும் வெள்ளைச் சட்டை போட்டு வெளிக்கிட்டேன்.

"வேணாம் மாமா. நீங்க வந்தா கதைக்காம இருக்க மாட்டீங்க" என்றாள்.

பஸ் போய் வெகுநேரம். அவள் உனக்குப் போன் எடுத்தால் எனக்கும் சொல்லு, தங்கச்சி. நான் எடுத்தால் அவள் பேசுகிறாள் இல்லை.

உன் காக்கா