பாதி பிளேடு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நேற்று கல்லறைத் திருநாளுக்கு ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி எல்லாம் நனைந்திருக்கும்.

தையல் பள்ளியில் குழு வேலைக்கு மார்க் ஒட்டியிருந்தார்கள். ஒரே பாவாடை சட்டை. தைத்தது மூன்று பேர்.

நிஷா 84
பர்வீன் 81
நான் 52

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 52தான்.

துணியை வெட்டியது நான். பாவாடைக் கொசுவம் நான். கழுத்துப் பட்டி நான். நிஷா நோட்டில் எழுதினாள், ஓரத்தில் பூப்போட்டாள். கல்லூரி முடித்த பெண், எழுத்து அழகு. பர்வீன் இரண்டு சட்டைக்கை மட்டும். அவள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், இரண்டு பிள்ளைக்காரி.

நிஷா ஆறுதல் சொன்னாள். "அம்பதுக்கு மேலதானே ஆன்ட்டி, பாஸ்தான்."

பாஸ் போதாது. இரண்டு குழு வேலையும் சேர்த்து சராசரி அறுபது வந்தால்தான் சான்றிதழ். அது இல்லாமல் அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் சீருடை ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு ஆண்டாக நான் தைக்கும் சீருடை. அதற்காகத்தான் ஐம்பத்தெட்டு வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்கவே இல்லை. "பேரப்புள்ள கூட மார்க்குக்கு இப்புடி மூஞ்சியத் தூக்கல. புடிக்கலன்னா நின்னுடு."

நின்றுவிடலாம்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மிஷினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

மிஸ்ஸிடம் கேட்டேன். என் மகளைவிடச் சின்னவள். மரியாதையாகத்தான் பேசுகிறாள், அதில் குறை சொல்ல முடியாது.

"யார் எந்தப் பகுதி செஞ்சீங்களோ அதுக்குத்தாம்மா மார்க். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க."

தாளைக் காட்டினாள். பேப்பர் கட்டிங், அதாவது அளவை முதலில் பேப்பரில் வரைந்து வெட்டுவது, முப்பது மார்க். நிஷா 27, பர்வீன் 27, நான் 0.

நான் பேப்பரில் வெட்டுகிறவள் இல்லை. துணியை விரித்து, சாக்கால் கோடு போட்டு, நேராகக் கத்திரி. யாரும் சொல்லித் தந்ததில்லை. கிழிந்த ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றது. நான் வெட்டிய துண்டுகளைச் செய்தித்தாள் மேல் வைத்து ஓரம் வரைந்தார்கள் இரண்டு பேரும். அதற்கு 27. வெட்டியவளுக்கு சைபர்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிஸ் அடுத்த வரியைக் காட்டினாள். சட்டைக்கை இணைப்பு, பர்வீன், பத்துக்குப் பத்து.

"இதப் பாருங்கம்மா. ஒரு சுருக்கம் இல்ல. வகுப்புலயே இதுதான் நல்ல கை."

வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கை பர்வீன் தைத்தது இல்லை. கொடுக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம், இஸ்திரி போட உடுப்பு என் வீட்டில் இருந்தது. தோளில் சுருக்கம், இடதில் இரண்டு, வலதில் மூன்று. தையல் பிரிக்கவென்று தீப்பெட்டியில் வைத்திருக்கும் பாதி பிளேடை எடுத்தேன். இரண்டு கையையும் பிரித்து என் மிஷினில் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? முப்பத்திரண்டு ஆண்டில் கோணல் தையலோடு ஒரு உருப்படி என் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் விதி இருக்கிறது. அவரவர் பகுதியை அவரவரே தைக்க வேண்டும்.

சொன்னால் விதியை மீறியவள். சொல்லாவிட்டால் 52.

நவம்பர் 5, புதன்

போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

விலகல் கடிதம் எழுதினேன். நான்கு வரி. இரண்டு முறை திருத்தி எழுதி, மடித்துப் பையில் வைத்தேன்.

நின்றுவிட: மதிப்பு தெரியாத இடம். பஸ் அலைச்சல். முதுகுவலி. அந்த சைபர்.
தொடர்ந்து போக: சீருடை.

ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. ஆனாலும் முடிவு வரவில்லை.

பக்கத்து வீட்டு அமலோற்பவம் ஜாக்கெட் துணியோடு வந்தாள். "என்னக்கா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா? மிஸ்ஸு அடிச்சிட்டாங்களா?" என்று சிரித்தாள். அளவு எடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பத்து மணிக்கு வாசலில் பர்வீன். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். தலைவலி விசாரிக்க வந்தாளோ என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். உட்காரவில்லை.

"மாமி, அந்தக் கைய நீங்கதானே பிரிச்சீங்க?"

மேஜை மேலிருந்த டேப்பைச் சுருட்டினேன்.

"என் மிஷின்ல தையல் பெருசு பெருசா விழும். இது பொடிப்பொடியா இருக்கு. நோட்டுல ஒட்ட போட்டோ எடுக்கறப்பவே பாத்துட்டேன். மிஸ் எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, பர்வீன் மாதிரி தைங்கன்னாங்க. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல."

"சுருக்கம் இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"இருந்துச்சு. அது என்னோட சுருக்கம். பின்ன நான் எதுக்குப் படிக்க வரேன்? எங்க உம்மாகிட்ட புள்ளைங்கள விட்டுட்டு வரேன் மாமி."

"பத்து மார்க் வந்துச்சுல்ல ஒனக்கு?"

"அது உங்களுது. எனக்கு அஞ்சு போட்டிருந்தாலும் அது என்னுதா இருக்கும்."

டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க மிஸ்கிட்ட சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாள் முழுக்க மிஷினில் உட்காரவில்லை. என் மார்க்கை எடுத்துக்கொண்டவள் என்று மூன்று நாளாக அவளைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சுருக்கம் சுருக்கம்தான். அதில் நான் மாற மாட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். முதல் பஸ்ஸில் போனேன். அவள் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும். என் வேலையைப் பற்றி இன்னொருத்தி வாயால் வரக்கூடாது.

மிஸ்ஸிடம் இரண்டையும் சொன்னேன். கையைப் பிரித்ததையும், பேப்பர் கட்டிங் எப்படி வந்தது என்பதையும். மன்னிப்புக் கேட்கவில்லை.

மிஸ் மார்க் தாளை எடுத்துப் பர்வீனின் பத்தை அடித்தாள். பிறகு சொன்னாள். "கைக்குப் போட்ட பத்தும் கிடையாது. பர்வீனுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. பேப்பர்ல நீங்க கோடு போடல, அதனால உங்க சைபர் சைபர்தாம்மா. பேட்டர்ன் இல்லாம வெட்டத் தெரியறது நல்லதுதான். ஆனா நான் அதுக்குப் பரீட்சை வைக்கல."

52 அப்படியே. நிஷாவின் 27 அப்படியே. உண்மை சொன்னதற்குக் கிடைத்தது இது. கடிதத்தை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

அப்போது பர்வீன் எழுந்தாள். "மிஸ், இப்ப உங்க முன்னாடி தைக்கட்டுமா?"

மிஸ் துணி கொடுத்தாள். ஜன்னல் பக்கத்து மிஷின். நான் பின்னால் நின்றேன். தோள் வளைவில் துணியை இழுத்துப் பிடிக்கிறாள். இழுக்கக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும். தெரிகிறது, சொல்ல முடியவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். சுருக்கம் விழுந்தது. ஒன்று. இன்னொன்று.

மிஸ் ஆறு போட்டாள்.

பத்து வாங்கிய அன்று இல்லாத சிரிப்பு பர்வீன் முகத்தில். "ஆறு மாமி" என்றாள் என்னிடம் உரக்க, எனக்குக் காது கேட்காதது போல.

கடிதம் பையிலேயே வீட்டுக்கு வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. முன்வரிசைப் பெண்ணின் ஜாக்கெட்டில் இடது தோள் இழுத்துக்கொண்டிருந்தது. யார் தைத்தார்களோ. விரல் பரபரத்தது.

நிஷா போனில் கூப்பிட்டாள். அடுத்த குழு வேலைக்கும் நாங்கள் மூவர்தானாம். சுடிதார். எனக்கு இதில் 68 வேண்டும், குறைந்தால் சீருடை போயிற்று. பேப்பர் கட்டிங்கும் செய்தாக வேண்டும்.

பின்னாலிருந்து பர்வீன் குரல், இருவரும் துணி எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறார்களாம். நிஷா போனை அவளிடம் கொடுத்தாள். "மாமி, வெட்டறது நீங்கதான். நிஷாவும் நானும் ஒத்துக்கிட்டோம். ஆனா அந்தத் தீப்பெட்டிய எங்கிட்ட குடுத்துரணும்."

யோசிக்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் கேட்டார். "நாளைக்குப் போறியா, நிக்கறியா?"

பையில் இரண்டும் இருக்கின்றன, கடிதமும் தீப்பெட்டியும். எதைக் கொடுப்பது என்று தெரியாமல்தான் படுக்கப் போகிறேன்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி தூறல். பஸ் தாமதம். பழைய செய்தித்தாள் நான்கு எடுத்துப் போனேன். கோடு போட்டால் பென்சில் கிழிக்கிறது. துணி போல இல்லை.

தீப்பெட்டியைப் பர்வீனிடம் கொடுத்தேன். திறந்து பார்த்தாள், பாதி பிளேடு உள்ளேதான் இருந்தது. தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுபாதி வீட்டில், மிஷின் டிராயரில். அவள் கேட்கவில்லை.