எச்சரிக்கை சொல்லப்பட்டது: ஆம்

ஜனவரி 27

மெட்ரோவில் நின்றுகொண்டே முப்பது பக்கம் படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மழை. குடை அலுவலகத்தில் இருக்கிறது, நான் வெளியே.

காலைக் கூட்டத்தில் மேலாளர் குவோ பேசினார். வீட்டுச் சேமிப்பு சர்வர்களில் ஓடும் பழைய மென்பொருளுக்கு மார்ச் 31க்குப் பிறகு ஆதரவு கிடையாது. அதற்குள் எல்லோரையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும். உதவி கேட்டு எங்களைத் தொலைபேசியில் அழைப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டியை வாங்கி அலமாரி மேல் வைத்ததோடு மறந்துபோனவர்கள். ஆனால் கல்யாணப் படம், பிள்ளை பிறந்த படம் எல்லாம் அதற்குள்தான்.

அப்டேட்டைத் தொடங்கும் முன் மூன்று வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வேறு நகல் வைத்திருக்கிறீர்களா? இந்த வேலையில் உங்கள் கோப்புகள் அழிந்துபோகலாம். சம்மதமா? படித்த பிறகு, திரையில் 'எச்சரிக்கை சொல்லப்பட்டது' என்ற கட்டத்தில் ஆம் என்று குறிக்க வேண்டும்.

பக்கத்து மேசை அ-டே தன் திரைக்கு மேலே ஒரு பச்சைப் பை தேங்காய் நொறுக்கை வைத்தான். அது இருந்தால் இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது இங்கே ஒரு நம்பிக்கை. பழைய பை காலாவதியாகிவிட்டதாம். "அதான் டிசம்பர் பூரா நமக்கு அடி மேல அடி. நீயும் ஒண்ணு வாங்கி வை, படிப்பாளி. உன் புத்தகத்தைப் பாத்தெல்லாம் எந்த டிஸ்க்கும் பயப்படாது."

பிப்ரவரி 13

சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். முடிக்காத வேலை வருடத்தைத் தாண்டக் கூடாது என்ற பதற்றம் எல்லோருக்கும். என் பட்டியலில் ஒன்பது பேர் பாக்கி. எட்டு முடித்தேன். ஒன்பதாவது, லுவோடுங் ஊரில் லியாவ் வீடு.

பேசியது மனைவி. கணவரால் பேச முடியாது. தொண்டையில் புற்றுநோய். அக்டோபரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கணவர் மேசையைத் தட்டுவது எனக்குக் கேட்டது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம்.

"முப்பது வருஷம் துறைமுகத்துல மீன் ஏலம் கூவுனவரு, பொண்ணே. இவரு சத்தம் போட்டா படகுல தூங்குறவன் எந்திரிச்சு உக்காருவான். ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு மாசம் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா பதிவு பண்ணி வெச்சாரு. என்னைக்கூட உள்ள விடலே. இப்ப எது வேணுமோ அதைத் தொட்டா போதும், பெட்டிலேருந்து அவரு குரலே வரும். இரு, உனக்கும் ஒண்ணு போடுறாரு."

கரகரப்பான, பெரிய குரல். "சாப்டாச்சா?"

"சாப்டாச்சு, ஐயா." என்னையறியாமல் பதில் சொன்னேன். அவர் ஒரு தட்டு தட்டினார்.

இங்கிருந்தே அவர்கள் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இடமாக வைத்திருந்தார்கள். ஒன்று போனால் எல்லாம் போகும். இரண்டாவது டிஸ்க்கின் பெயருக்கு எதிரே மஞ்சள் குறி. வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

முதல் வாக்கியத்தைப் படித்தேன். வேறு நகல் இல்லை. "இந்தப் பெட்டிதான் பத்திரம்னு கடைக்காரர் சொன்னாரே." இரண்டாவதைத் தொடங்கினேன். இந்த வேலையில் உங்கள் கோப்புகள் அழி—

"ஐயோ, வேணாம்மா வேணாம். வருஷம் பொறக்கப்போற நேரத்துல அந்த வார்த்தையை வாயால சொல்லாதே. உடம்பு முடியாத மனுஷன் கேட்டுக்கிட்டிருக்காரு. நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லு."

எங்கள் வீட்டிலும் அப்படித்தானே. இந்த நாட்களில் சாவு, இழப்பு, அழிவு எதையும் நாங்கள் உச்சரிப்பதில்லை. அப்படி ஒருவர் கேட்டுக்கொண்ட பிறகு எப்படி மீறுவது? "எல்லாம் நல்லபடியா முடியும், அத்தை. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஒரு தட்டு.

கட்டத்தில் ஆம் என்று குறித்தேன். அப்டேட் ஓடி முடிய இரண்டு மணி நேரம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் பதிவை மூடிவிட்டு ரயிலைப் பிடித்தேன். ஒன்பதும் முடிந்தது.

பிப்ரவரி 16

வருடத்தின் கடைசி நாள். சாப்பாட்டு மேசையைத் துடைக்கும்போது தம்பியின் கையிலிருந்து கிண்ணம் விழுந்தது. அம்மா துண்டுகளைச் சிவப்புத் தாளில் பொதிந்து ஓரமாக வைத்தார். உடைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் குறி.

பிப்ரவரி 23

அலுவலகம் திறந்தது. லியாவ் அத்தை புத்தாண்டு அன்றே மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். அப்டேட்டுக்குப் பிறகு பெட்டி கிளம்பவில்லை. உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. 'அவசரமில்லை, விடுமுறையை நிம்மதியாக முடித்துவிட்டுப் பாருங்கள்' என்று வேறு எழுதியிருந்தார்.

நான் படிப்பதற்குள் அ-டே பதில் அனுப்பிவிட்டான். எச்சரிக்கை சொல்லப்பட்டது, அபாயம் தெரிந்தே சம்மதித்தீர்கள், மீட்பது உங்கள் பொறுப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு என்றே தயாராக இருக்கும் கடிதம்.

"ஆம்னு குறிச்சிருந்தே. அதனால மூடிட்டேன். உன் தலைவலியை நான் வாங்கிக்கிட்டதுக்கு ஒரு பால் டீ வாங்கிக் குடு."

நன்றி என்றேன். அவனிடம் நன்றி என்று சொன்னேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 3

அத்தையிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். 'தினமும் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார், அது ஏல நேரம். முதல் வேலையாகப் பெட்டியைப் போட்டுப் பார்க்கிறார். டக் டக் என்கிறது. அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார். என்றாவது கிளம்புமா என்று மட்டும் சொல்லுங்கள்.'

சத்தம் போடும் டிஸ்க்கை இயக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் உள்ளே முள் தகட்டைக் கீறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது. 'போடாதீர்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் பதில் எழுத வேண்டுமென்றால் பதிவை மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் அது கேட்கும் முதல் கேள்வி, எச்சரிக்கை சொல்லப்பட்டதா என்பதுதான்.

என் சொந்தத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டிருக்கலாமே? எண் தெரியாதா? தெரியும்.

எத்தனை புத்தகங்களில் கோழைகளைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். நானாக இருந்தால் அப்படிச் செய்யமாட்டேன் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கூட வைத்திருக்கிறேன்.

மார்ச் 10

கேண்டீனில் அ-டே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அந்த லுவோடுங் ஆளுங்களா? நீ எதையாவது விட்டுட்டியா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விட்டா என்ன இப்ப? அழைப்புப் பதிவெல்லாம் முப்பது நாள்தான் இருக்கும். பதிமூணாம் தேதி பேசுனதா? ஞாயித்துக்கிழமையோட தானா அழிஞ்சுடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கேக்க முடியாது. முட்டையைச் சாப்பிடு, ஆறுது."

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு மாடிப்படியில் உறைத்தது. அந்தப் பதிவில் என் குரல் மட்டுமா இருக்கிறது? "சாப்டாச்சா?" அதுவும் இருக்கிறது. அவருடைய குரல் இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் எங்கள் சர்வர்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைவரைதான். அதை எடுக்க குவோவால் மட்டுமே முடியும். எடுத்தால் அவர் முழுதையும் கேட்பார்.

மார்ச் 11

குவோவிடம் சொன்னேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினான்கு நிமிடமும் கேட்டார். நான் எதிரே நின்றேன். 'ஒண்ணும் ஆகாது' என்ற இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, இன்னொரு முறை கேட்டார்.

"மஞ்சள் குறியைப் பாத்தியா?"

"பார்த்தேன்."

"கவனிக்கலேன்னு சொன்னா உனக்கு நல்லது."

"பார்த்தேன், சார்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "எங்க அம்மாகிட்ட நான் இதைப் படிச்சிருந்தா செருப்பு பறந்திருக்கும். உன் நிலைமை புரியுது. ஆனா இருபத்தி மூணாம் தேதியே உனக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னிக்குப் பதினொண்ணு. நடுவுல என்ன பண்ணிட்டிருந்தே?"



மீட்பு ஆய்வகத்துக்கு டிஸ்க்கை நிறுவனமே அனுப்பும். நாளை முதல் நான் தொலைபேசியில் உட்கார வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தனியாக வெட்டி அவரே அவர்களுக்கு அனுப்பிவைத்தார். வெட்டும்போது கை தாமதித்துவிட்டது. "சாப்டாச்சா?" என்பதற்குப் பின்னால் என் பதிலின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 12

லியாவ் அத்தையை என் எண்ணிலிருந்து கூப்பிட்டேன். முதலில், பெட்டியை இனிமேல் போடாதீர்கள் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் உன் வாயை அடைச்சேனே, அதனாலயா?"

"இல்ல, அத்தை. அதுக்கப்புறமும் நான் சொல்லியிருக்கணும்."

"சரி. அன்னிக்கு நல்ல நாளு, சொல்லலே. அப்புறம் தெனமும் போட்டுப் போட்டுப் பாத்தாரே, நான் எழுதுனேனே உனக்கு. போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லலே?"

ஸ்பீக்கரில்தான் இருந்தது. பின்னால் தொலைக்காட்சி கேட்டது, தெருவில் ஒரு ஸ்கூட்டர் போவது கேட்டது. மேசையில் ஒரு தட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9

இப்போது என் வேலை அப்டேட் திரையில் வரும் வாக்கியங்களை எழுதுவது. "நிறையப் படிக்கிறவ இல்ல? நீயே எழுது" என்றார் குவோ. தண்டனையா சலுகையா தெரியவில்லை. 'அழிந்துபோகலாம்' என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஆய்வகத்தின் முடிவு வந்தது. முந்நூற்று நாற்பது பதிவுகளில் அறுபத்தொன்று திறந்தன. ஏறக்குறைய எல்லாமே எண்கள். ஏலம் கூவியவர் எண்களில்தான் தொடங்கியிருக்கிறார். மற்றவற்றுக்குப் பெயர் மட்டும் கிடைத்தது, உள்ளே ஒலி இல்லை.

"தகடு முழுக்கக் கீறல்" என்றார் ஆய்வகப் பொறியாளர். "முதல் நாளே நிறுத்தியிருந்தா பாதிக்கு மேல எடுத்துக் குடுத்திருப்போம்."

பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். வலிக்குது. தண்ணி. ஜன்னலைச் சாத்து. மழை வருது, துணியை எடு. நீ முதல்ல சாப்பிடு. பயமா இல்லை.

பட்டியலின் கடைசியில்: யுவே-சியா 1. யுவே-சியா 2. யுவே-சியா 3. பத்தொன்பதுவரை போகிறது. மற்ற வார்த்தைகள் எல்லாம் ஒரே ஒரு முறை. இதை மட்டும் பத்தொன்பது முறை சொல்லிப் பார்த்திருக்கிறார், திருப்தி வரவில்லை போலிருக்கிறது. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சர்வர் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். யுவே-சியா, லியாவ் அத்தையின் பெயர்.

ஏப்ரல் 10

ரயிலில் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 17

மதியம் என் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் அந்தப் பெரிய குரல். "சாப்டாச்சா?" அதன் வாலில் என்னுடைய 'சா'. அந்த வீட்டில் தினமும் அது ஒலிக்கிறது.

"இன்னும் இல்லை, ஐயா" என்றேன். இந்த முறை உண்மை.

"பொண்ணே, வந்து சேந்துச்சு" என்றார் அத்தை. "பூரா நம்பர்தான். காலைலேருந்து வீட்டுல ஏலம் நடக்குது. சோறு எவ்ளோ வைக்கட்டும்னு கேட்டா, ஆயிரத்தி இருநூறுங்கிறாரு." சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன்.

"ஆனா ஒண்ணு வந்திருக்கு, கேளு." பின்னாலிருந்து "ஏய்" என்று ஒரு அதட்டல். "கேட்டியா? நாப்பத்தி மூணு வருஷமா என்னை இப்படித்தான் கூப்பிடுறாரு. இது கெடைச்சதே போதும். என் பேரு என்னன்னு இவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

"ஏய்."

"பாத்தியா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "வராமப் போனதோட பேரெல்லாம் உங்ககிட்ட இருக்குன்னு உங்க மேலாளர் சொன்னாரு. என்னென்ன இருந்துச்சு? வாசிச்சுக் காட்டேன். மூணு மாசம் உள்ள உக்காந்து என்னதான் பேசுனாருன்னு தெரிஞ்சுக்கறேன்."

பட்டியல் என் திரையில்தான் திறந்திருந்தது. கடைசிப் பத்தொன்பது வரிகள். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் இவை. மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

இரண்டு தட்டு.

"என்னங்க வேணாம்?" என்றார் அத்தை அந்தப் பக்கம் திரும்பி. "எதை வேணாம்கிறாரு இப்ப?"

மறுபடி இரண்டு தட்டு. மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டு. அவை அத்தைக்கு அல்ல.

"மிச்சமும் எண்கள்தான், அத்தை" என்றேன்.

ஒரு தட்டு.